இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டாம்!

*லாபக் கணக்கு தெரியாமல் பத்திரிகை நடத்திய ஒரு மனிதரின் கதை. அட, நம்ம ஏரியா ஆளுங்க!*

சித்தையன்கோட்டையிலிருந்து தினமும் காலேஜுக்குப் பஸ் பிடிக்கிற ஆளா நீங்க? அப்போ செம்பட்டி ஜங்ஷன் உங்களுக்குத் தலைகீழ் பாடம். ஒரு பக்கம் போனா திண்டுக்கல், இன்னொரு பக்கம் போனா வத்தலக்குண்டு. திண்டுக்கல் பஸ்ஸில் தொங்கிக்கிட்டுப் போறதிலேயே மூணு வருஷம் ஓடியிருக்கும். எதிர்ப்பக்கம் போகிற அந்த வத்தலக்குண்டு பஸ்ஸை என்னிக்காவது மரியாதையா ஒரு பார்வை பார்த்திருக்கீங்களா? பார்க்கணும் பாஸ். தமிழ்ப் பத்திரிகை உலகத்துக்கு அந்த ஊர் அனுப்பிவைத்த ஆட்களின் லிஸ்ட் அப்படி!

முதல் ஆள், பி.ஆர்.ராஜம் ஐயர். தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான 'கமலாம்பாள் சரித்திரம்' இவருடையது. சென்னையிலிருந்து 1896-ல் 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கிலப் பத்திரிகை தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர் இவர்தான். அப்போது வயசு 24. நம்ம ஊரில் பி.ஜி. முடிச்சுட்டு 'அடுத்து என்ன பண்றது?'ன்னு யோசிக்கிற வயசு. 26 வயதில் இறந்தே போய்விட்டார்.

அடுத்து, பி.எஸ்.ராமையா. 1933-ல் ஆரம்பமாகி நடுவில் மூச்சுத் திணறிய 'மணிக்கொடி'யை 1935-ல் சிறுகதைக்கான பத்திரிகையாக மாற்றி நடத்தியவர். புதுமைப்பித்தன் முதல் பலரின் கதைகளுக்கு அதுதான் மேடை.

மூணாவது ஆள்தான் இன்றைய ஹீரோ. அவர் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. 'வாடிவாசல்'னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருது? சூர்யா, வெற்றிமாறன்... கரெக்ட். படமாக எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்ததும் சோஷியல் மீடியாவே அதிர்ந்தது. அந்தக் கதையை எழுதியவர் யார்? ம்ம்ம்... யோசிக்கிறீங்க இல்லே? அவர்தான் சி.சு.செல்லப்பா. சின்னமனூர் சுப்பிரமணியம் செல்லப்பா.

முதலில் ஜெயில், அப்புறம் பத்திரிகை

1912-ல் சின்னமனூரில் பிறந்தவர். சொந்த ஊர் வத்தலக்குண்டு. மதுரையில் காலேஜ். அந்தக் காலத்துக் காலேஜ் பையன்களின் ரத்தத்தில் இரண்டு விஷயம் ஓடும். ஒண்ணு காந்தி, இன்னொண்ணு கதை. செல்லப்பாவுக்கு இரண்டுமே தலைக்கேறியது. தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு 1941-ல் ஜெயிலுக்குப் போனார். இன்னொரு பக்கம் 'சுதந்திரச் சங்கு', 'மணிக்கொடி' என்று சிறுகதைகள். 'சரஸாவின் பொம்மை' என்ற கதை மணிக்கொடியில் வந்தபோது இலக்கிய வட்டாரத்தில் பையன் பெயர் நின்றுவிட்டது.

அதன்பின் சென்னை. 'சந்திரோதயம்', 'தினமணி கதிர்' என்று பத்திரிகை வேலைகள். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அவ்வப்போது கதை எழுதிக்கொண்டு, நிம்மதியாக ரிட்டயர் ஆகியிருக்கலாம். ஆனால், உள்ளே ஒரு குடைச்சல்.

என்ன குடைச்சல்? 1950-களில் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு நல்ல காலம். வாசகர்கள் லட்சக்கணக்கில் பெருகிக்கொண்டிருந்தார்கள். தொடர்கதை, ஜோக், சினிமா என்று வாரப் பத்திரிகைகள் பறந்தன. தப்பில்லை. ஆனால், ஒரு கதை ஏன் நல்ல கதை, இன்னொன்று ஏன் சுமார் என்று பத்துப் பக்கத்துக்கு உட்கார்ந்து அலசினால், அதைப் போட ஓர் இடம் கிடையாது. யாப்பு இலக்கணத்துக்குள் அடங்காத கவிதையா? அதை எந்த எடிட்டரும் தொடமாட்டார். இடம் இல்லைன்னா என்ன செய்யலாம்? புலம்பலாம். இல்லேன்னா, இடத்தை நாமே உண்டாக்கலாம்.

செல்லப்பா இரண்டாவது வழியைப் பிடித்தார். ஜனவரி 1959. வயது 46. 'எழுத்து' பிறந்தது.

பிசினஸ் ஸ்கூலில் சேர்க்காத பிளான்

ஒரு பத்திரிகை ஆரம்பிப்பவர் முதல் இதழில் என்ன சொல்வார்? சீக்கிரமே லட்சம் பிரதிகளைத் தொடுவோம் என்பார். செல்லப்பா உல்டா. இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சடிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். கடையில் தொங்கவிடுவதும் கிடையாது, சந்தா கட்டினால் வீட்டுக்கு வரும்.

'இது என்னங்க பைத்தியக்காரத்தனம்?' என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க, உள்ளே ஒரு கணக்கு இருக்கு. கடைக்குப் போகிற பத்திரிகையில் ஏஜென்ட் கமிஷன் போகும். விற்காத பிரதி திரும்பி வரும், அந்த நஷ்டமும் உங்க தலையில்தான். கடையில் விற்கணும்னா அட்டையில் நடிகை வேணும், உள்ளே தொடர்கதை வேணும். சந்தாவோ முன்பணம். யாருக்காக அச்சடிக்கிறோம் என்று பெயர், முகவரியோடு தெரியும். இன்றைக்கு 'ப்ரீ-ஆர்டர்', 'சப்ஸ்கிரிப்ஷன்' என்று ஸ்டார்ட்-அப் பசங்க பேசுகிற அதே சமாசாரம்தான். கூட்டத்தைத் துரத்தாமல் தனக்கான வாசகரைத் தேடிப் பிடிப்பது.

இதே தொழிலில் இன்னொரு ரூட்டும் உண்டு. 1928-ல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை விலைக்கு வாங்கிய எஸ்.எஸ்.வாசன் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார், அப்புறம் ஜெமினி ஸ்டூடியோ என்று சாம்ராஜ்யமே கட்டினார். அது ஒரு திறமை. செல்லப்பா அந்த ரேஸில் ஓடவே இல்லை. அவர் ஓடியது வேறு மைதானம்.

சரி, பிளான் ஜெயித்ததா? பணக் கணக்கில் பார்த்தால், இல்லை. இரண்டாயிரம் என்பது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட உச்சவரம்பு. அந்த உச்சத்தை 'எழுத்து' கடைசி வரை தொடவே இல்லை! வாசகர்கள் சில நூறு பேரென்றால் விளம்பரம் எங்கிருந்து வரும்? ஆனால் பேப்பர்காரருக்கும் பிரஸ்காரருக்கும் தபால் ஆபீஸுக்கும் காசு கொடுத்துத்தானே ஆகணும்?

திருவல்லிக்கேணி ஒன் மேன் ஆர்மி

பிள்ளையார் கோயில் தெரு, திருவல்லிக்கேணி. அங்கேயிருந்த அவர் வீடுதான் 'எழுத்து'வின் ஹெட் ஆபீஸ், எடிட்டோரியல், சர்க்குலேஷன், டெஸ்பாட்ச் எல்லாம். ஸ்டாஃப்? அவரேதான்.

அது கம்ப்யூட்டர் காலம் இல்லை என்பதை மனசுல வெச்சுக்கோங்க. ஒவ்வோர் எழுத்தையும் ஈய அச்சாகக் கையால் பொறுக்கிக் கோக்கணும். புரூஃப் எடுத்து, திருத்தி, மறுபடி கோக்கணும். இதழ் அச்சாகி வந்ததும் ரேப்பர் சுற்றி, முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் போடணும். மாதா மாதம். கூடவே கட்டுரையும் எழுதணும். வந்த கவிதைகளையெல்லாம் படிச்சு, பிடிச்சதும் பிடிக்காததும் ஏன் என்று பதிலும் போடணும்.

முதலில் மாத இதழ், கடைசிக் காலத்தில் காலாண்டிதழ். 1970-ல் நிறுத்தியபோது மொத்தம் 119 இதழ்கள். ஒரு தனி மனிதர், பத்து வருஷத்துக்கு மேல், கிட்டத்தட்ட கைக்காசில்!

கைக்காசு தீர்ந்தபோது? மனைவியின் நகைகள் போயின. பொம்மைகள் செய்து விற்றும் குடும்பத்தை ஓட்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க ஃப்ரெண்ட்ஸ். இதைச் சொல்லும்போது எல்லோரும் 'ஆஹா, என்ன தியாகம்!' என்று செல்லப்பாவுக்குக் கைதட்டுவார்கள். தட்டலாம். ஆனால், நகை யாருடையது? அடுத்த வேளைக்கு அரிசி இருக்கா என்று டப்பாவைத் திறந்து பார்த்தது யார்? தமிழின் சிறுபத்திரிகை வரலாற்றில் அட்டையில் பெயர் வராத பெண்கள் நிறைய பேர். எடிட்டரின் லட்சியத்துக்கு வீட்டில் இருந்தவர்களும் பில் கட்டினார்கள். அதையும் சேர்த்துப் பேசினால்தான் கணக்கு நேராகும்.

அப்படி என்னதான் சாதித்தார்?

நஷ்டப்பட்டது மட்டும்தான் பெருமையா? இல்லை. 'எழுத்து' இல்லாவிட்டால் நீங்க நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கிறுக்குகிற கவிதை வேற மாதிரி இருந்திருக்கும். நிஜமாத்தான்!

இன்றைக்கு எதுகை மோனை இல்லாமல், வரியை உடைத்து எழுதினால் 'கவிதை'ன்னு யாரும் தயங்காமல் சொல்கிறோம். 1959-ல் அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ந.பிச்சமூர்த்தி 1930-களிலேயே அந்த மாதிரி எழுதிப் பார்த்திருந்தார். நடுவில் அந்த முயற்சியே தூங்கிப்போனது. செல்லப்பா அவரை மறுபடியும் எழுத வைத்தார். அதோடு விட்டாரா? புதுசு புதுசாகப் பசங்களைப் பிடித்தார்.

அந்தப் பசங்க யார் தெரியுமா? இலங்கைத் திருகோணமலையிலிருந்து 20 வயது இளைஞர் ஒருவர் கவிதை அனுப்பினார். பெயர் தருமு சிவராமு. பின்னால் 'பிரமிள்' என்று தமிழே கொண்டாடிய கவிஞர். நாகர்கோவிலிலிருந்து இன்னொருவர், 28 வயசு, 'பசுவய்யா' என்ற பெயரில் கவிதை எழுதினார். அவர்தான் சுந்தர ராமசாமி. சி.மணிக்கு அப்போது இருபதுகளின் நடு. வட இந்தியாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வெங்கட் சாமிநாதன் என்ற இளைஞர் காரசாரமாக விமர்சனம் எழுதினார். அதையும் போட்டார். இவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு வேறு எந்தக் கதவும் திறந்திருக்காது.

1962-ல் 'புதுக்குரல்கள்' என்று ஒரு தொகுப்பு. 24 கவிஞர்கள், 63 கவிதைகள். 'இதெல்லாம் கவிதையா?' என்று கேட்ட அதே கல்வி உலகம் பின்னாளில் அந்தப் புத்தகத்தைப் பாடமாகவே வைத்தது. சிலபஸுக்குள் போய்விட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்பார்கள்?

எல்லோரோடும் கடைசி வரை கைகோத்துக்கொண்டே போனார் என்றும் நினைச்சுக்க வேண்டாம். மனுஷன் பிடிவாதக்காரர். ஆரம்பத்தில் 'எழுத்து'வில் எழுதிய க.நா.சு. 1963-ல் 'இலக்கிய வட்டம்' என்று தனிப் பத்திரிகை ஆரம்பித்தார். கருத்துச் சண்டைகள் அச்சிலேயே நடந்தன. ஆனால், ஒன்று கவனிங்க. தன்னோடு ஒத்துப்போகாத கட்டுரைக்கும் தன் பத்திரிகையில் பக்கம் ஒதுக்கினார். காசு போட்டு, தன்னையே திட்ட இடம் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

உங்க காலேஜ் வாசலிலும் நின்றிருப்பார்

பத்திரிகையோடு பதிப்பகமும் சேர்ந்துகொண்டது. 'எழுத்து பிரசுரம்'. 'வாடிவாசல்' 1959-ல் அதில்தான் வந்தது. ஜல்லிக்கட்டுக் களத்துக்கு நேரில் போய்ப் போட்டோவும் எடுத்தவர் செல்லப்பா. தன் அப்பனைக் கொன்ற ஜமீன்தாரின் 'காரி' காளையை அணைய வருகிற பிச்சி, கூட வருகிற மருதன், ஒரே ஒரு நாள் ஜல்லிக்கட்டு. அவ்வளவுதான் கதை. ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம், ஆனா வாடிவாசலிலிருந்து மனசு வெளியே வர நாளாகும். நம்ம பக்கத்துப் பேச்சும் மண்ணும் அப்படியே இருக்கும்.

புத்தகம் போட்டாச்சு, விற்பது எப்படி? மூட்டையைத் தோளில் தூக்கினார். பஸ்ஸிலும் ரயிலிலும் ஊர் ஊராகப் போய், கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். தமிழ் டிபார்ட்மென்ட்டில் நின்று, 'இது புதுக்கவிதை, இதைப் படிச்சுப் பாருங்க' என்கிற ரீதியில் பேசி, ஒன்றிரண்டு பிரதி விற்றுவிட்டு அடுத்த ஊர். ஐம்பது வயதுக்கு மேல், கதர் வேட்டி சட்டையில், வெயிலில் புத்தகம் சுமந்து வருகிற ஒருவரை யாராக இருந்தாலும் சேல்ஸ் ரெப் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவர் விற்றது தன் புத்தகத்தை மட்டும் அல்ல. பிச்சமூர்த்தி மாதிரி மற்றவர்களின் புத்தகங்களையும்தான்.

ஏன் கல்லூரி? காரணம் சிம்பிள். புதுசை ஏற்றுக்கொள்கிற வயசு எங்கே இருக்கிறதோ அங்கேதான் போகணும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. லட்சம் பேர் கூடுகிற சந்தையை விட்டுவிட்டு, நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற ஒரு கிளாஸ் ரூமைத் தேடிப் போனார்.

விருதா... வேண்டாங்க!

வயசாச்சு, பணம் இல்லை. இந்த நேரத்தில் ஒரு விருதும் ரொக்கமும் வந்தால் யாராக இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். செல்லப்பா பல விருதுகளைத் தள்ளினார். அமெரிக்கத் தமிழர்களின் 'விளக்கு' அமைப்பு விருது கொடுத்தபோது, பணத்தைக் கையில் வாங்காமல், அதைக் கொண்டு ஒரு புத்தகம் போடச் சொன்னார். கடைசி வரைக்கும் புத்தகம், புத்தகம், புத்தகம்.

1997-ல், 85 வயதில், 'சுதந்திர தாகம்' என்ற நாவலை மூன்று பாகங்களாகத் தானே வெளியிட்டார். ஆயிரத்துச் சொச்சம் பக்கம்! 1998 டிசம்பரில் இறந்தார். அந்த நாவலுக்கு 2001-ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. மறுக்க ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து விருது வந்தது என்றுதான் சொல்லணும்.

நஷ்டக் கணக்கின் இன்னொரு பக்கம்

'எழுத்து' நின்றது. ஆனால், அது கற்றுக்கொடுத்த துணிச்சல் நிற்கவில்லை. சேலத்திலிருந்து 1968-ல் 'நடை'. சென்னையிலிருந்து 1970-ல் 'கசடதபற'. அப்புறம் தமிழ்நாடு முழுக்க ஊருக்கு ஊர் சிறுபத்திரிகைகள். 'எழுத்து'வில் கவிதை எழுதிய அந்தப் பசுவய்யா, சுந்தர ராமசாமியாக 1988-ல் 'காலச்சுவடு' தொடங்கினார். அந்தக் காலச்சுவடு பதிப்பகம்தான் பின்னாளில் 'வாடிவாசல்' நாவலைப் பதிப்பித்துப் புதிய தலைமுறையிடம் சேர்த்தது. 2013-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. வட்டி எங்கே சுற்றி எங்கே வந்து சேருது பாருங்க! செல்லப்பா போட்ட முதலுக்கு வட்டி உண்டு. என்ன, அவர் கைக்கு வரவில்லை.

அதனால் 'எல்லாரும் நகையை விற்றுப் பத்திரிகை நடத்துங்க' என்று சொல்ல வரலை. சத்தியமா வேண்டாம்! செல்லப்பாவிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கு, விட்டுவிட வேண்டியதும் இருக்கு. அதைத்தான் கீழே பெட்டியில் போட்டிருக்கோம்.

நீங்களும் ஆரம்பிக்கணுமா? படிச்சுட்டு ஆரம்பிங்க!

* யாருக்காக? 'எல்லாருக்காகவும்' என்பது பதில் அல்ல. ஒரு வகுப்பு, ஓர் ஊர், ஒரு ரசனை... எண்ணி முடிக்கக் கூடிய அளவில் வாசகரை முடிவு பண்ணுங்க.

* பணம் முன்னாடி, அச்சு பின்னாடி: சந்தா வந்த அளவுக்கே அச்சடிங்க. இப்போது டிஜிட்டல் பிரஸ்ஸில் நூறு பிரதிகூடப் போட முடியும். செல்லப்பாவுக்குக் கிடைக்காத வசதி இது.

* நஷ்டத்துக்கும் எல்லை: இத்தனை இதழ், இவ்வளவு ரூபாய் என்று ஆரம்பத்திலேயே எழுதி வையுங்க. வீட்டில் உள்ளவர்களிடம் கேட்காமல் அவர்கள் பணத்தில் கை வைக்காதீங்க.

* தெரியாதவரைப் போடுங்க: பிரபலத்திடம் பேட்டி வாங்குவது ஈஸி. பிரபலம் ஆகப்போகிறவரைக் கண்டுபிடிப்பதுதான் எடிட்டர் வேலை.

* சட்டம்: பதிவு செய்து முறையாகப் பத்திரிகை நடத்துவதென்றால், 1867-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ம் வருடப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தலைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்து ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். புத்தகம் போடுவதென்றால் ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி இலவசமாகவே கொடுக்கிறது.

* துணைக்கு ஆள்: ஒன் மேன் ஆர்மி கேட்கக் கெத்தா இருக்கும். ஆனால், இரண்டு நண்பர்கள் இருந்தால் புரூஃப் பார்க்க ஒருவர், கணக்கு எழுத ஒருவர்.

இன்னிக்கு உங்க போனில் ஒரு போஸ்ட் போட்டால் இரண்டாயிரம் லைக் என்பது பெரிய விஷயமே இல்லை. விரல் தட்டிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துபோவார்கள். செல்லப்பாவுக்கு இரண்டாயிரம் பேர்கூடக் கிடைக்கவில்லை. கிடைத்த சில நூறு பேரும் காசு கட்டி, தபால்காரருக்காகக் காத்திருந்து, படித்துவிட்டுச் சண்டை போட்டு, பதிலுக்குத் தாங்களும் எழுத ஆரம்பித்தார்கள். தமிழ்க் கவிதையின் ரூட்டையே திருப்பியது அந்தச் சில நூறு பேர்தான்.

ஆகவே கேள்வி ஒண்ணே ஒண்ணு. உங்களுக்கு எவ்வளவு பேர் வேணும்னு கேட்கலை. எந்தச் சில நூறு பேர் வேணும்?